மேற்கே பொதுவழி

போலந்தில் மூன்று வருஷம் குடோன் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் ஊருக்குத் திரும்பியபோது, டிக்கெட் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வார்சா, இஸ்தான்புல், மும்பை, திருவனந்தபுரம் என்று சுற்றி வரும் பயணத்தை எடுத்தேன். இஸ்தான்புல்லில் பதினேழு மணிநேரம் கிடக்க வேண்டும். ஐரோப்பாவில் தங்கும் அட்டை கையில் இருந்தால் துருக்கிக்கு ஆன்லைனிலேயே விசா கிடைத்துவிடுகிறது, அதனால் ஏர்போர்ட் நாற்காலியில் கழுத்து வலிக்கத் தூங்காமல் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். துருக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரி: 1453இல் உதுமானியத் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள். இரண்டு மார்க் கேள்வி.

சுல்தானஹ்மத் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காகத்தான் அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன், பெரிய ஆர்வமெல்லாம் இல்லை. வாள், காபிக் குவளை, தங்க மை வைத்த குரான் பிரதி எல்லாவற்றையும் ஈரச் சட்டையோடு வேகமாகக் கடந்து, கடைசியில் விளக்கைக் குறைத்து வைத்திருந்த ஓர் அறைக்கு வந்தேன். பழைய காகிதத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது அருங்காட்சியகக் கணக்கு, அதனால் இந்த மாதிரி அறைகளில் எப்போதும் சாயங்காலம்தான். கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு தாள். நாலாக மடித்த தடம், மடிப்பில் கிழிசல், கீழே முத்திரை, மேலே யாரோ பேனாவைச் சுழற்றி விளையாடியது போல ஒரு பெரிய கோலம்.

அதைப் பார்த்ததும், இது பத்திரம் அல்லவா என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு எழுத்து தெரியாது, ஆனால் பத்திரத்துக்கென்று ஒரு முகவெட்டு உண்டு. எங்கள் விளவங்கோடு பக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் அது தெரியும். பாதி நிலத் தகராறு, பாதி ரப்பர் என்று ஓடுகிற ஊர்.

பக்கத்திலிருந்த அட்டையில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். தாபு செனெதி. தாபு என்றால் நிலவுரிமை, செனெத் என்றால் சான்று, நம் சன்னத்துதான். இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தது, அதாவது 1876க்கும் 1909க்கும் இடையில். மேலே இருக்கும் கோலத்துக்கு துக்ரா என்று பெயர். சுல்தானின் பெயர், அவர் அப்பா பெயர், 'எப்போதும் வெல்பவர்' என்ற பட்டம் மூன்றையும் பின்னி ஒரே கையெழுத்தாகப் போடுவது. ஒவ்வொரு சுல்தானுக்கும் தனித்தனி துக்ரா. மேலே நிமிர்ந்து நிற்கும் மூன்று கோடுகள், இடப்பக்கம் முட்டை போல இரண்டு வளையங்கள், எல்லோருக்கும் அமைப்பு இதுதான். நம் திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் வலம்புரிச் சங்கு போட்டிருக்குமே, அது செய்த வேலையை அங்கே துக்ரா செய்தது. கீழே இருப்பது யாருடைய ஆலிவ் தோட்டமாக இருந்தாலும் மேலே ராஜா நிற்பார்.

நான் நின்றுவிட்டது அதற்காக இல்லை. அட்டையின் கடைசியில் நான்கெல்லையை மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் இன்னாருடைய தோட்டம், ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் ஒரு விதவையின் வயல், ஒரு பக்கம் பொதுவழி. பொதுவழிக்கு அவர்கள் எழுதும் சொல் தரீக்-இ ஆம். ஆம் ஆத்மி என்கிறோமே, அதே 'ஆம்'. அரபியிலிருந்து அங்கே ஒரு வழியாகப் போனது, பாரசீகத்தைச் சுற்றி இங்கே ஒரு வழியாக வந்தது. வாரிசு, வசூல், பாக்கி, தாலுகா என்று நம் ரெவின்யூ பாஷையில் பாதி அந்த வழியில் வந்ததுதானே. ஆலிவ் மரத்தை எடுத்துவிட்டுத் தென்னையை வைத்தால் அது எங்கள் ஊர்ப் பத்திரம்.

மூலையில் காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார், அப்பா வயசு இருக்கும். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு, இதை உங்களால் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். தலையை மேலே தூக்கி நாக்கால் ஒரு 'த்ச்' போட்டார், அங்கே அதுதான் இல்லை என்பதற்கு அடையாளமாம். அப்புறம் போனை வாங்கி ஏதோ பேசினார். 'என் தாத்தாவுக்குத் தெரியும், என் அப்பாவுக்குத் தெரியாது' என்று வந்தது.

அவர் படிக்காதவர் என்பதால் இல்லை. 1928 நவம்பர் 1 அன்று துருக்கி நாடாளுமன்றம் எழுத்தையே மாற்றிச் சட்டம் போட்டது. அதுவரை வலமிருந்து இடமாக அரபு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த மொழியை லத்தீன் எழுத்துக்குக் கொண்டுவந்தார் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால், அதுவும் சில மாத அவகாசத்தில். ஜனவரி பிறந்தபோது புத்தகம் அச்சடிப்பது புது எழுத்தில்தான். பழைய எழுத்து துருக்கி மொழிக்குப் பொருந்தவில்லை, உயிரெழுத்துகளைக் காட்ட அதில் வழி போதவில்லை, ஜனங்களில் வாசிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர்தான், இதெல்லாம் உண்மை. எனக்கு அந்த மாற்றத்தைக் குறை சொல்ல ஆசையில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் தாத்தா எழுதிவைத்த காகிதம் பேரனுக்குக் கோலமாகிவிட்டது. 2014இல் பழைய எழுத்தைப் பள்ளியில் கற்பிக்கலாமா என்று பேச்சு வந்து பெரிய சண்டையே நடந்தது, தாத்தாவின் கல்லறையைக்கூட வாசிக்க முடியாத பிள்ளைகள் என்று ஒரு தரப்பு, மறுபடி பின்னால் போகவா என்று இன்னொரு தரப்பு.

நவம்பர் 1 என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது பிறந்தநாள். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, அன்றைக்குத்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வடக்கே செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பாகமும் வந்தது. அதற்கு முன்னால் எழுதிய எங்கள் வீட்டு ஆதாரங்கள் (பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்போம்) எல்லாம் மலையாள எழுத்தில். அப்புறம் எழுதியவை தமிழில். என் அப்பா பிறந்தது 1957. அந்தக் காவலாளி சொன்ன அதே கணக்கு எங்கள் வீட்டிலும் இருக்கிறது: பாட்டாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. (எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம். பாட்டா வாங்கிய பட்டா என்று யாராவது சொன்னால் எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம்.)

மழை விட்டபிறகும் நான் அங்கேயே நின்று போனில் தேடிக்கொண்டிருந்தேன், பிளைட்டுக்கு நேரமிருந்தது. அந்தத் தாள் எப்படிப் பிறந்தது என்பது நல்ல கதை. உதுமானிய ஆட்சியில் விளைநிலத்தில் பெரும்பகுதி 'மிரி', அதாவது அரசு நிலம். உழுகிறவனுக்கு அனுபவிக்கும் பாத்தியதை மட்டும்தான். அதற்குத் தஸர்ருஃப் என்று பெயர். தக்க காரணமில்லாமல் மூன்று வருஷம் தரிசாகப் போட்டால் அதுவும் போய்விடும். 1858இல் ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் யார் அனுபவிக்கிறார் என்று பெயர்போட்டு எழுதி, கையில் ஒரு தாளைக் கொடுப்பது. வரி யாரிடம் வாங்குவது என்று அரசுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அடிப்படையில் அதுதான். தாபு என்ற சொல்லுக்கே பழைய துருக்கியில் பணிவிடை, கீழ்ப்படிதல் என்றுதான் அர்த்தமாம். பரப்பை தோனும் கணக்கில் எழுதினார்கள். ஒரு தோனும் என்றால் நீளத்தில் நாற்பது எட்டு, அகலத்தில் நாற்பது எட்டு. இன்றைய அளவில் சுமார் 919 சதுர மீட்டர், நம் கணக்குக்கு இருபத்தி மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. யாருடைய கால், எவ்வளவு பெரிய எட்டு என்று கேட்கக் கூடாது. நாஞ்சில் நாட்டில் ஒரு கோட்டை விதைப்பாடு, இரண்டு மரக்கால் விதைப்பாடு என்று விதை நெல்லால் வயலை அளந்தவர்கள் நாம், நமக்கு இது புரியும்.

இதில் வேடிக்கை, ஜனங்கள் அந்தத் தாளைக் கண்டு பயந்தார்கள். பெயரைக் கொடுத்தால் வரி வரும், வீட்டுப் பையனைப் பட்டாளத்துக்கும் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் சிரியா, பாலஸ்தீனம் பக்கமெல்லாம் நிறைய பேர் பதிவே செய்யவில்லை, அல்லது ஊர்ப் பெரியவர் பெயரிலோ நகரத்து வியாபாரி பெயரிலோ எழுதவிட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழுதவன் ஒருவன், தாளில் பெயர் இன்னொருவன். அந்த இன்னொருவன் பிற்பாடு விற்றபோது உழுதவன் வெளியே. பேரரசு போயும் சட்டம் போகவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் சைப்ரஸுக்கு 1878லேயே வந்துவிட்டார்கள், அதற்கப்புறமும் 1940கள் வரை அங்கே உதுமானிய நிலச்சட்டம்தான். இஸ்ரேலில் 1969 வரை. பாலஸ்தீனத்தில் அந்தப் பத்திரத்துக்கு கூஷான் என்று பெயர், குடும்பங்கள் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன, கோர்ட்டில் எடுத்துக் காட்டுகிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் தாளின் உடன்பிறப்புகள் வெளியே இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

நம் பக்கமும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் இது நடந்தது. 1865இல், அதாவது கொல்லம் 1040இல், மாதவராவ் திவானாக இருந்தபோது திருவிதாங்கூரில் பாட்டம் விளம்பரம், அதாவது குத்தகை நிலம் பற்றிய அரசு அறிவிப்பு, வந்தது. அதுவரை அரசாங்கப் பாட்டம் நிலத்தில் இருந்த குடியானவர்களுக்கு அந்த நிலத்தில் முழு உரிமை, விற்கலாம், எழுதிவைக்கலாம். நான் படித்த வரையில் நம்ம ஆட்கள் துருக்கிக்காரர்கள் அளவுக்குப் பயந்ததாகத் தெரியவில்லை, காகிதம் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். வைத்த காகிதத்தால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் புரையிடத்தின், அதாவது வீட்டு மனையின், பெயர் பலாவிளை. முப்பத்தி நாலு சென்ட். பலா ஒன்றும் இல்லை இப்போது, மரச்சீனியும் நாலு தென்னையும். மேற்கு ஓரமாக முன்பு ஒரு ஒற்றையடிப் பாதை இருந்ததாம், பின்னால் இருக்கும் ஏலாவுக்கு, அதாவது வயலுக்கு, போகிற பாதை. நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே எங்கள் கையாலை, அதாவது எல்லைக்கட்டு, அதன்மேல் அப்பா கட்டிய ஹாலோபிளாக் சுவர். பின்வீட்டுப் பெரியப்பா (சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட முறை) அந்தச் சுவர் வழியை மறித்துவிட்டது என்று சொல்லி, கல்யாணம் சாவு இரண்டுக்கும் எங்கள் வீட்டுக்கு வராமல் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா எல்லாரிடமும் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'ஆதாரத்துல எழுதியிருக்கு.' மனு விசாரிக்க வந்தவர்களிடமும் அதைத்தான் காட்டினார், 1961இல் பாட்டா எழுதிய தமிழ்ப் பாகப்பிரிவினைப் பத்திரம். செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், தெளிவாக இருக்கிறது, 'மேற்கு நமது கையாலை' என்று.

ஊருக்கு வந்து நாலாவது நாள், இஸ்தான்புல் தாளின் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 'நம்ம வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு மக்கா, இதவிடப் பழசு இருக்கும்' என்று சொல்லி டிரங்குப் பெட்டியை இழுத்தார். பெருமைதான், வேறு எண்ணம் இல்லை. மஞ்சள் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் நாலாக மடித்த தாள். இரட்டைவால் பூச்சி ஒரு மூலையைத் தின்றிருந்தது. மேலே சங்கு. கீழே மலையாளம், பழைய கூட்டெழுத்து, மை பழுப்பாகி ஒரு எழுத்தின்மேல் இன்னொன்று ஏறிக் கிடந்தது. நாங்கள் இருவரும் மலையாளம் பேசுவோம், எல்லைக்காரனுக்கு அது தனியாகக் கற்க வேண்டிய மொழி இல்லை, களியக்காவிளை தாண்டினால் வாய் தானாக மாறிக்கொள்ளும். காதுக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. நான் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன், ஆப் அதைக் கன்னடம் என்றது.

இவ்வளவு வருஷத்தில் ஏன் யாரிடமும் கொடுத்து வாசிக்கவில்லை என்று கேட்டேன். 'எதுக்கு? அதத்தான் பாட்டா தமிழ்ல எழுதியாச்சே' என்றார். நியாயம்தான்.

பக்கத்து ஊரில் மலையாளப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். அப்பாவும் கூடவே வந்தார், சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு. டீச்சர் கட்டஞ்சாயா போடச் சொல்லிவிட்டு, லென்ஸை எடுத்து, தாளை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். 50 லக்ஸாவது ஒன்றாவது, சித்திரை வெயில். கொல்லம் 1098 மகர மாதம். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்: 1923 ஜனவரி, பிப்ரவரி. உதுமானிய சுல்தான் பதவியை ஒழித்தது 1922 நவம்பர் 1 (மறுபடியும் அதே தேதி, நான் என்ன செய்ய), ஆக அங்கே துக்ராவுக்கு ஆள் இல்லாமல் போய் மூன்று மாதம். அப்பா சொன்னதுபோல அதைவிடப் பழசெல்லாம் இல்லை.

டீச்சர் வாசிக்க வாசிக்க அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பூட்டன் பெயர், ஊர், விளைப் பெயர், இத்தனை தென்னை, ஒரு பலா, ஒரு அயனி. பலா என்றதும் என்னைப் பார்த்து, கேட்டியா என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். அப்புறம் அதிர்கள். கிழக்கு இன்னார் புரையிடம். தெற்கு தோடு, அதாவது ஓடை. வடக்கு இன்னார் விளை.

'படிஞ்ஞாறு நடவழி.'

டீச்சர் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார், அவருக்கு அது ஒரு எல்லை, அவ்வளவுதான். அப்பாவின் தலையாட்டல் நின்றுவிட்டது. படிஞ்ஞாறு என்றால் மேற்கு, நடவழி என்றால் நடவழிதான், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். எழுத்தாக இருந்தவரைக்கும் யாருக்கும் தொந்தரவு தராமல் பெட்டியில் கிடந்த சொல் இப்படிச் சத்தமாக வெளியே வந்து முற்றத்தில் நின்றது. எனக்கு அந்த ஆலிவ் தோட்டத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது, தரீக்-இ ஆம்.

1923க்கும் 1961க்கும் நடுவில் அந்த நடவழி எப்படிக் கையாலை ஆனது? பாட்டா வேண்டுமென்றே சொல்லி எழுதவைத்தாரா, இல்லை ஆதாரம் எழுதிய ஆளுக்கு மலையாளம் தெரியாமல் பாட்டா வாயால் சொன்னதை எழுதினாரா, இல்லை இடையில் வழி நிஜமாகவே நின்றுபோய் கையாலைதான் இருந்ததா. நான் எப்படி யோசித்தாலும் அப்பா பொய் சொன்னதாக வரவில்லை, அவரால் வாசிக்க முடிந்த ஆதாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. முன்னாதாரத்தைப் பார்க்காமல் எழுதியதுதான் கோளாறு. எழுத்து மாறுகிற இடத்தில் ஒரு வழி காணாமல் போக எவ்வளவு நேரம், ஒரு சொல் போதும். அங்கே ஆலிவ் தோட்டத்துக்காரனின் பேரப்பிள்ளைகளுக்கும் இப்படி ஏதாவது இருக்குமோ என்னவோ. அந்தத் தாளை அருங்காட்சியகத்தில் மாட்டியிருப்பதால் அதன் பொதுவழியை யாரும் மறிக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது, பார்க்கிறவனுக்கு அழகாக இருக்கிறது.

டீச்சர் தாளை மடித்து, பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்து, அப்பா கையில் கொடுத்தார். 'நல்ல கையெழுத்து, எழுதினவன் படிச்சவன்' என்றார். சாயா குடித்தோம். அப்பா ரப்பர் விலை பற்றிப் பேசினார். டீச்சரின் மகன் துபாயில் இருப்பதைப் பற்றிக் கேட்டார்.

பைக்கில் திரும்பி வரும்போது பாதி வழி வரைக்கும் பேச்சே இல்லை. பின்வீட்டுப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ரோட்டோரம் சக்கை (பலாப்பழம்தான்) விற்கிற இடம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சக்கையைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, வாங்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

'டீச்சருக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல மக்கா' என்றார். 'பாறசாலையில ஒரு ஆளு இருக்காரு. நாளைக்கு அவருட்டயும் ஒரு தடவ காட்டிரலாம்.'